ரேடியோ கூவிய பொய்

பேப்பர் கடைக்காரரை ஊரே ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும். அவர் தலைப்பைக் கூவினால் நாலு தெரு தள்ளித் தூங்குகிறவன் கட்டிலிலிருந்து உருண்டு விழுவான். படிப்பு இரண்டாம் வகுப்பு. பேப்பர் கட்டைப் பிரித்ததும் பெரிய எழுத்தைக் கூட்டிப் படித்துக் கூவிவிடுவார். மடிப்புக்குக் கீழே இருப்பதை வியாபாரம் ஓய்ந்தபிறகுதான் பார்ப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். “மனைவி பேச்சால் உயிரை விட்டார்! கடைசிக் கடிதம் உள்ளே!” மூன்று தடவை கூவினார்.

பக்கத்துத் தையல் கடையின் ஷட்டர் பாதியில் நின்றது. தையல்காரர் இறந்து நாலு நாள்தான் ஆகிறது; அவர் மனைவி அன்றுதான் கடை திறக்க வந்திருந்தாள்.

“அண்ணே, நீங்களுமா?”

ரேடியோ மடிப்பைப் பிரித்தார். கீழே தையல்காரரின் படம். ஷட்டர் மறுபடி கீழே இறங்கியது.

விற்காத கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போனார்.

“நடந்ததத்தானே போட்டோம்?” என்றார் செய்தி ஆசிரியர்.

“பதினெட்டு வருசம் அவனோட ஒரே சுவத்துல முதுகு சாஞ்சு டீ குடிச்சவன் நான். ஏன் போனான்னு எனக்கே தெரியல. உங்களுக்கு மூணே நாள்ல தெரிஞ்சுபோச்சா? நீங்க என்ன கடவுளுக்கு மச்சானா?”

“கடிதத்துல இருந்துச்சுண்ணே.”

“நாலு வரியில ஒரு வரிய உருவி அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டீங்க. எப்படிச் செத்தான்னு வேற சமையல் குறிப்பு கணக்கா எழுதியிருக்கீங்க. அதே நெனப்புல தவிக்கிறவன் இதப் படிச்சா என்னய்யா ஆவான்? அவன் கூப்பிட்டுப் பேச ஒரு போன் நம்பர் போட எடமில்ல, மெத்தை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருக்கு!”

“கோபப்படாதீங்க. நாளைக்கு அவர் பிள்ளைங்க படத்தோட ரெண்டாம் பாகம். சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்.”

ரேடியோ கட்டை மேஜைமேல் போட்ட போட்டில் பேனா ஸ்டாண்டு குட்டிக்கரணம் அடித்தது.

“அந்தப் படம் வந்துச்சு, இந்த ஊர்ல பேப்பர் விக்கிற முப்பத்தாறு பேர்ல ஒருத்தன் உங்க கட்ட அவுக்க மாட்டான். என் வாயப் பத்தித் தெரியும்ல?”

ஆசிரியர் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார்.

திரும்பி வந்து, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். காலையில் கூவிய அதே குரல்.

“பொய்! தையல்காரர் சாவுக்கு அவர் வீட்டுக்காரி காரணம்னு போட்டது பொய்! கூவுன நானும் முட்டாள்!”

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு மூச்சிழுக்கும்போது ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மேலேறியது.

“போதும்ண்ணே... தொண்ட கட்டிக்கப் போகுது.”

“கட்டட்டும்மா,” என்று மூன்றாவதையும் கூவி முடித்தார்.