நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லை

1. வாசலில் நின்ற வண்டி

பேட்டை ஆபீஸில் அது எனக்கு எட்டாவது வருஷம். காலையில் கதவைத் திறக்கப் போனால் வாசலை மறித்துக்கொண்டு ஒரு புது டயர் வண்டி. பக்கத்தில் வண்டிக்காரர் சிவனாண்டி.

"கிளார்க்கய்யா, என் நம்பர வேற எவனுக்கோ எழுதிக் குடுத்துட்டீகளாம்ல? பேக்டரி வாச்மேன் உள்ள விடமாட்டேங்கான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தொன்றுக்கு நேரே திருச்சுழிப் பக்கத்துக் கருப்பையா என்று இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை ஜின்னிங் பேக்டரியிலிருந்து ரயிலடிக்குப் பஞ்சு பேல் எல்லாம் மாட்டுவண்டியில்தான் போகும். பஞ்சு வியாபாரிகள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கமிட்டியின் பேட்டை ஆபீஸில்தான் நான் கிளார்க். பாரவண்டிகளுக்கு அந்தக் கமிட்டி வில்லை கொடுக்கும். நம்பர் குத்திய தகரத் துண்டுதான் வில்லை. அது இல்லாத வண்டிக்கு லோடு கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது வில்லை. ஒரு தடவை வட்டம் என்றால் அடுத்த தடவை முக்கோணம். வண்டியை யார் ஓட்டி வந்தாலும் வரிசையில் அடுத்த நம்பரைக் கொடுப்பேன். கெடு முடிந்ததை யாரும் கழற்றுவதில்லை, புதியதை அதன் பக்கத்திலேயே அடித்துக்கொள்வார்கள். சில வண்டிகள் மெடல் குத்திய போலீஸ்காரர் மாதிரி நிற்கும். வண்டியை விற்றால் வில்லையும் கூடவே போகும். அதை யாரும் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை.

2. மூன்றாவது பாராவும் ஐந்தாவது பாராவும்

அப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு மேலே இருந்த தலைமைக் கமிட்டியிலிருந்து சர்க்குலர் வந்தது. இப்போது இருக்கிற நம்பரே இனி நிரந்தரம். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுவந்து காட்டி, அட்டையில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்தம் அறுபது நம்பர்தான், புதிதாக யாருக்கும் கிடையாது. மூன்றாவது பாராவில், நம்பர் வண்டிக்கு உரியது என்று இருந்தது. ஐந்தாவது பாராவில், ஒருவர் நம்பரை மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது என்று இருந்தது. வண்டியை விற்றால் என்ன செய்வது? அதை எங்கேயும் காணோம்.

நாலு தடவை படித்தேன். எங்கள் குடும்பத்தில் தறிக்குழியை விட்டு நாற்காலிக்கு வந்த முதல் ஆள் நான். புரியவில்லை என்று யாரிடமாவது போய்ச் சொல்ல வெட்கம். புரிந்த மாதிரி தலையை ஆட்டி, பைலில் கோத்துவிட்டேன்.

சிவனாண்டியின் மாடுகளுக்கு வயதாகிவிட்டது. கட்டைச்சக்கர வண்டியை இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணாகிக் கிடந்தது. டயர் வண்டி என்றால் லேசாக இழுக்கும். அதற்காகத்தான் பழைய வண்டியைக் கருப்பையாவுக்கு விற்றார். எப்போதும் போல வில்லையைக் கழற்றவில்லை. சீல் போடுகிற முதல் நாளே கருப்பையா வண்டியோடு வந்துவிட்டான். வண்டி இருந்தது, வில்லை இருந்தது, மூன்றாவது பாராவும் இருந்தது. அவன் பேரை அட்டையில் எழுதி ஓங்கி ஒரு சீல் வைத்தேன். பேக்டரிக்கும் லிஸ்ட் போய்விட்டது.

3. ரெண்டும் சரிதான்

கருப்பையாவைக் கூப்பிட்டுவிட்டேன். அவன் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை. "நம்பரு இருக்குன்னுதேன் இந்தக் கட்டைவண்டிய வாங்குனேன். அது இல்லாட்டி எனக்கு இது எதுக்குய்யா?" என்றான். அவன் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது.

மேனேஜரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சர்க்குலரைப் படித்தார்.

"மூணாவது பாராவும் சரி, அஞ்சாவது பாராவும் சரி."

"அப்ப யாரு பேர சார் எழுதுறது?"

"சர்க்குலர்படி எழுதுப்பா."

தலைமைக் கமிட்டிக்கு விளக்கம் கேட்டு எழுதினேன். பதில் வந்தது. கவரைப் பிரித்தால் அதே சர்க்குலரின் இன்னொரு காப்பி. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுபடியும் எழுதிப் போட்டேன்.

அது மழை பொய்த்த வருஷம். காட்டு வேலை கிடையாது. இருந்த ஒரே பிழைப்பு பேக்டரி லோடுதான். சிவனாண்டி தினமும் வந்து வேப்பமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் போட மாட்டார். "என்னய்யா, கடுதாசி வந்துச்சா?" என்பதோடு சரி. ரெண்டு வசவு வைதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். கருப்பையாவோடு வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டார். டயர் வண்டிக்கு விலை கூடுதல் என்பதால் அவனும் ஒப்புக்கொண்டான். புது டயர் வண்டி திருச்சுழிக்குப் போனது. கட்டைவண்டியும் நாற்பத்தொன்றும் திரும்பி வந்தன. நான் அட்டையில் ஒரு பேரை அடித்து இன்னொரு பேரை எழுதினேன். விவகாரம் சுமுகமாகத் தீர்ந்தது என்று மேனேஜருக்குக் குறிப்பும் வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

4. திருத்தம்

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திருத்தச் சர்க்குலர் வந்தது. நம்பர் இனி ஆளுக்கு உரியது, எந்த வண்டியை வேண்டுமானாலும் ஓட்டலாம். சந்தோஷத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கே போனேன்.

சிவனாண்டி கூட்ஸ் ஷெட் ஓரத்தில் பேல் இறக்கிக்கொண்டிருந்தார். நுகத்தடியில் ஒரு பக்கம் அவருடைய மயிலைக் காளை. இன்னொரு பக்கம் நான் பார்த்திராத ஒரு குட்டை மாடு.

"இதோட சோடி, அந்தச் செவல எங்க?" என்று கேட்டேன்.

"அது போன மாசம் பாலவனத்தம் மேட்டுல படுத்துருச்சுய்யா. பெறகு எந்திரிக்கல. இது எரவல் மாடு."

சர்க்குலரைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு மயிலையின் கழுத்துப் புண்ணில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்து எடுத்தார்.

"மொதல்ல வண்டிக்குன்னீக. இப்ப ஆளுக்குங்கீக. இழுக்குற மாட்டப் பத்தி அதுல எதுவும் போட்டிருக்காகளாய்யா?"

இல்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த எந்தச் சர்க்குலரையும் பைலில் கோக்கும் முன் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் வண்டிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எது எங்கே இடிக்கும் என்று வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். சிவனாண்டியிடம் மட்டும் தப்பு என்னுடையது என்று கடைசி வரை சொல்லவில்லை.