தவிட்டுக்கு விற்ற பிள்ளை

யுத்த காலத்தில், பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், ரேஷன் கார்டுக்காக வீடு வீடாய்ப் போய் ஆள் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. பென்னாகரத்தைச் சுற்றிய கிராமங்கள் என் பொறுப்பு. பெயர், வயது, உறவுமுறை எழுத வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். பட்டியலில் உள்ள தலைகளுக்குத்தான் தானியம்.

ஊருக்குள் நுழையுமுன் கிராம முனிசீப்பிடம் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒரு வீட்டில் பிறப்பு நான்கு, இறப்பு மூன்று. இரண்டு அம்மையில், ஒன்று காய்ச்சலில். மீதி ஒரு பிள்ளை இருக்க வேண்டும். இருந்தான். நான்கு வயதிருக்கும், வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான்.

"நானும் வூட்டுக்காரருந்தானுங்க. ரெண்டே பேரு" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"இந்தப் பையன்?"

"அது எம்புள்ள இல்லீங்க சாமி. பக்கத்து வூட்டுது."

பையன் அவளைப் பார்த்து, "அக்கா, தண்ணி" என்றான். மூக்கும் நெற்றியும் அப்படியே அவளுடையவை.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் போயிருந்தான்.

"எம்புள்ளதாஞ் சாமி. ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கினேன். இவளுக்கு மூணு தங்கலை. அதான் இது பொறந்தன்னிக்கே எனக்கு வித்துட்டா. சாவு வந்து கேட்டா, இங்க ஒண்ணும் இல்லேன்னு சொல்லலாமில்ல? தவுட்டுக்கு வந்த பய, திங்கறதப் பாருங்க, ஜமீந்தாரு மாதிரி!"

"அப்படியானால் உன் வீட்டிலேயே எழுதிவிடட்டுமா?"

"சோறு அவ வூட்டுலங்க. தானியம் எனக்கு வந்தா என் வூட்டுப் புள்ளைங்க ஆறும் ஒரே நாள்ல தீத்துடும். ரெண்டு வூட்டுலயும் எழுதுங்களேன், சர்க்காரு என்ன ஏழையாவா பூடும்?"

தாய் சிரிக்கவில்லை. "அங்கியே எழுதிடுங்க சாமி. சோறு எம் பங்குல போட்டுக்கறேன்."

அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. இரண்டு பேர் பங்கை மூன்று பேர் தின்றால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் "மகன்" என்று நான் உரக்கப் படிப்பதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

மூடநம்பிக்கை என்றுதான் நினைத்தேன். அப்போது பையன் தண்ணீருக்குக் கை நீட்டினான். புஜத்தில் அம்மை குத்திய தழும்புகள் இரண்டு. யார் கூட்டிப் போனது என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அம்மை குத்த வந்தப்ப முன்னதுங்க ரெண்டையும் இவ கேவுரு கொட்டி வெக்கற குதிருக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டா. ரெண்டும் பூடுச்சு. இவன் என்னுதாச்சே? தூக்கிட்டுப் போய்க் குத்திட்டு வந்தேன். இவ வாயத் தொறக்க முடியுமா?"

பிற்காலத்தில் ஜனத்தொகை ஏன் ஏறுகிறது என்று பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். மழை, ரோடு, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, பிழைப்புக்காகச் சுரங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் அனுப்பிய பணம் என்றெல்லாம். பெண்கள் முன்னைவிட அதிகம் பெற்றதாக எனக்குத் தெரியவில்லை, புதைத்தது குறைந்தது. அந்தப் பையன் பிழைத்தது ஊசியால் என்பேன் நான். தவிட்டால் என்பாள் அந்தத் தாய். தவிடு கைமாறாவிட்டால் அவனும் குதிருக்குள்தான் இருந்திருப்பான் என்பதை நான் மறுக்க முடியாது.

தாயின் வீட்டுப் பட்டியலிலேயே மூன்றாவது வரி எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் "பக்கத்து வீட்டுப் பிள்ளை, சாப்பாடு இங்கே." மேலதிகாரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, எழுதியதை உரக்கப் படித்தேன்.

அவள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு மையில் விரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள். விரலில் மீந்திருந்த மையைத் துடைக்கத் துணி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பையனை இழுத்து, அவன் காதுக்குப் பின்னால் அந்த மையைப் பொட்டாக வைத்துவிட்டு, "போ, உங்க வூட்டுக்குப் போய் வெளையாடு" என்றாள்.