தலைவர் வைத்த செங்கல்

நான் கொஞ்சம் வாய்க்காரி. முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவளுக்கு அதுகூட இல்லேன்னா எப்படி? சங்கரன்கோவிலில் இருந்து பனவடலிசத்திரம் போகிற ரோட்டோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை நான். பழைய கட்டடம் விரிசல் விட்டதால் இடித்துவிட்டார்கள். அஞ்சாம் வகுப்பை சத்துணவுக் கூடத்து மூலையில் வைத்து நடத்தினேன். நான் பின்னம் சொல்லிக்கொடுக்கையில் அங்கே சாம்பாரைத் தாளித்தால் பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்பும்? எனக்கே பசிக்கும்.

ஒருவழியாக ரெண்டு வகுப்பறைக்கு ஒன்றியத்தில் பணம் ஒதுக்கினார்கள். அந்த ஏப்ரலோடு எனக்கு ஓய்வு. அதற்குள் புது ரூமில் ஒரே ஒரு பாடம் நடத்திவிட்டுப் போய்விட வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

பூமி பூசை அன்று நல்ல வெயில். சுண்ணாம்புக் கோடு போட்டு, குழி தோண்டி, ஐயர் காத்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், வானத்தைப் பார்த்தார், நேரே வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். "இங்கனயே வைப்போம் டீச்சர், எல்லாம் பள்ளிக்கூட எடம்தான!" நீல பெயிண்டில் தன் பேர் எழுதின செங்கல்லை, மஞ்சள் குங்குமம் வைத்து, கோட்டில் இருந்து பத்தடி தள்ளி மண்ணில் பதித்து வைத்துவிட்டு, ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பூசை போட்ட மொதக் கல்லு வெளிய கெடக்க, சுவரு எழுப்ப மாட்டேன் டீச்சரம்மா. கட்டடத்துக்கு ஆகாது."

இன்ஜினியரிடம் போனேன். "சுவரைத் தள்ளினா எஸ்டிமேட்டை மாத்தணும். அது மாவட்டம் வரைக்கும் போயிட்டு வரணும்" என்றார். அஸ்திவாரம் முடிந்து போட்டோ ஏற்றினால்தான் முதல் தவணைப் பணமே வருமாம். தலைவரிடம் போனேன். "நான் வச்ச கல்லை நானே எடுக்கவா? ஊரு சிரிக்கும்லா!"

இப்படியே ரெண்டு வாரம். கட்டடம் வளரவில்லை, எனக்கு ரத்தக் கொதிப்புதான் வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தேன். அரிசிச் சாக்கில் சுற்றி சத்துணவுக் கூடத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை கொத்தனாரிடம் சொன்னேன்: "கல்லை எடுத்தது நான். பாவம் எனக்கு. நீரு சுவரை எழுப்பும்." ஆத்தாடி, மனுசன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

தலைவர் அப்பப்ப பைக்கில் வருவார். "என் கல்லு பத்திரமா டீச்சர்?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி."

எந்த இடத்தில் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கல் அதற்குள்தான் இருக்கிறது என்ற நினைப்பில் கன்னிமூலைச் சுவரைத் தடவிப் பார்த்து, கூட வந்த சொந்தக்காரர்களிடம் பெருமை பேசிவிட்டுப் போவார். சிரிப்பை அடக்க எனக்குப் படாத பாடு.

மார்ச் கடைசியில் கட்டடம் முடிந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்லா! பெரிய ஆட்கள் தேதி கொடுக்கவில்லை, திறப்பு விழா ஜூனில்தான், அதுவரை பூட்டு என்றார்கள். ஜூனில் நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன். அன்று ராத்திரி அழுதேன். வெட்கம் என்ன, அழுதேன்.

கடைசி வேலை நாள். கொத்தனாரிடம் சாவியைக் கேட்டேன், இடுப்பில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனால், கதவு நிற்கவே மாட்டேன் என்கிறது. மாட்டி வைக்கும் கொக்கி எஸ்டிமேட்டில் இல்லையாம்! ரெண்டு தரம் டமார் டமார் என்று சாத்திக்கொண்டது. பீரோவைத் திறந்து கல்லை எடுத்து வந்து முட்டுக் கொடுத்தேன். கதவு கம்மென்று நின்றது.

பதிமூணாம் வாய்ப்பாடு பாதியில் பைக் சத்தம். தலைவர்!

"திறப்பு விழாவுக்கு முந்தி யாரு டீச்சர் உள்ள விட்டா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர் வாசலில் குனிந்தார். நீல பெயிண்டில் அவர் பேர். குங்குமம்கூட அழியவில்லை. கன்னிமூலைச் சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன் அண்ணாச்சி. எனக்கு இன்னையோட முடியுது. ஒரே ஒரு பாடம் இந்த ரூம்ல நடத்தணும்னு ஆசை. ஏசணும்னா மணி அடிச்ச பொறவு ஏசுங்க."

தலைவர் கல்லை எடுக்கக் கையை நீட்டினார். கதவு லேசாக அசைந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"எடுத்தா கதவு சாத்திக்கிடும்லா" என்றார். "நீங்க பாடத்தை முடிங்க டீச்சர்." செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதிமூணு ஏழு எவ்வளவு என்று எனக்கு மறந்தே போய்விட்டது. பிள்ளைகள்தான் கத்திச் சொன்னார்கள்.