வாசல் நிலைக்கு வயது பார்த்த உத்தியோகம்

வீட்டு வரிக்கு அளவெடுக்கப் போகிறவனை ஊரில் முதலில் எதிர்கொள்வது நாய். அதற்கப்புறம் எதிர்கொள்கிறவர்களைப் பார்த்தால் நாய் தேவலை என்று தோன்றும்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர் கொம்யூனில் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். கொம்யூன் என்றால் பஞ்சாயத்து மாதிரி; அதன் ஆபீசை எங்கள் பக்கத்தில் மேரி என்போம். மேரியின் சட்டம் பார்வைக்கு ரொம்ப சுலபம். குறிப்பிட்ட ஒரு வருஷத்துக்கு முன்னால் எழும்பியது பழைய வீடு. அதற்குப் பழைய வரி, ஏறவே ஏறாது. அதற்குப் பின்னால் எழும்பியது புது வீடு. அதற்கு இன்றைய மதிப்புக்கு வரி. ஒரே தெருவில், ஒட்டினாற்போல் இரண்டு வீடு இருக்கும். ஒருவர் கட்டுவதைப்போல் நாலு பங்கு அடுத்தவர் கட்டுவார். ஏன் இப்படி என்று கேட்டால், தீர்மானம் போட்டவர்கள் அத்தனை பேரும் பழைய வீட்டுக்காரர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியாது.

சரி, வீட்டுக்கு வயது எப்படிக் கண்டுபிடிப்பது? மண் சுவரை வருஷா வருஷம் பூசுகிறார்கள். கூரையை அடிக்கடி மாற்றுகிறார்கள். பத்திரம் என்பது பெரும்பாலான வீட்டில் கிடையாது. மாறாமல் நிற்பது தலைவாசல் நிலை ஒன்றுதான். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நட்டதை யாரும் லேசில் பிடுங்கமாட்டார்கள். ஆகவே நிலையின் வயதே வீட்டின் வயது என்று மேரியில் வழக்கமாக்கிவிட்டார்கள். வரி கட்டி வயிறெரிந்தவர்கள் நீங்கள். இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போதே ஊகித்திருப்பீர்கள்.

கரையான்

கிருமாம்பாக்கத்தில் ஆறுமுகம் என்று ஒரு கரும்புக் குடியானவர். அவர் வீடு ஊருக்கே மூத்த வீடு. அப்பன், பாட்டன், பூட்டன் எல்லோரும் அங்கேயே பிறந்து அங்கேயே போனவர்கள். நான் அளவெடுக்கப் போனதற்கு முந்திய மாதம்தான் வாசல் நிலையைக் கரையான் அரித்துவிட்டது என்று வேம்பில் புதிதாக ஒன்று செய்து நட்டிருந்தார். மர வாசனைகூடப் போகவில்லை.

வழக்கப்படி புது வீடு என்று எழுதினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே கூட்டிப்போய்ப் புகை படிந்த உத்திரத்தைக் காட்டினார், தேய்ந்துபோன ஆட்டுக்கல்லைக் காட்டினார். உத்திரத்தைப் பற்றி மேரி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். திரும்ப வாசலுக்கு வந்ததும் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப எங்க பாட்டன் எந்த வூட்ல செத்தாருன்னு அதையும் நீங்களே எழுதிடுங்க."

ஆசாரி கண்ட யோகம்

இப்படி நாலு வீட்டில் நடந்ததும் ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். பழைய நிலைக்கு வந்த கிராக்கி பொன்னுக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் பாயில் கோரை மாதிரிப் பின்னிக் கிடக்கும். கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாட்டு வண்டிகளைச் சுங்கச் சாவடிக்காரன் நிறுத்தி, துணி இருக்கிறதா, சாராயம் இருக்கிறதா என்று வைக்கோலைக் கிளறுவான். உள்ளே இடிந்த வீடுகளின் வாசல் நிலைகள் அடுக்கியிருக்கும். இதற்கு என்ன தீர்வை போடுவது என்று அவனுக்கு எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

அதுவும் போதாமல் போனபோது பாகூர் ஆசாரி ஒருவர் கை கொடுத்தார். புது நிலையைச் செய்து, நெல் அவிக்கிற அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை பிடிக்க வைப்பார். எண்ணெய், மஞ்சள், மாட்டுச் சாணம் என்று மாறி மாறித் தடவுவார். வாசலில் நட்டால் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. எரிகிற வீட்டில் பிடுங்குகிறாரே என்று எனக்கு ஆத்திரம். பட்டறைக்கே போய், இது நியாயமா என்று கேட்டேன். இழைப்புளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்:

"புதுசு செய்ய ரெண்டு நாளு போதும்ங்க. பழசு செய்யத்தான் மாசக்கணக்கா ஆவுது, கூலி கேட்டா நீங்களே கோவிச்சிக்கிறீங்க."

குருவிநத்தம்

ஏமாற்றத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். ஏமாற்ற வழியில்லாதவர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

குருவிநத்தத்தில் அஞ்சலை, கலியன் என்று ஒரு புருஷன் பெண்சாதி. இரண்டு பேரும் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள். சொந்தம் என்று அவர்களுக்கு இருந்தது ஆற்றோரத்தில் ஒரு சின்ன மனை, அதில் கலியனின் அப்பா கட்டிய ஒரு மண் வீடு. பெண்ணையாற்று வெள்ளம் ஒரு ஐப்பசியில் அந்த வீட்டை வழித்துக்கொண்டு போய்விட்டது. சுவர் கரைந்தது, கூரை மிதந்தது, நிலையும் ஆற்றோடு போனது. வெள்ளம் வடிந்ததும் அதே இடத்தில் ஒரு குடிசை போட்டார்கள். நிலைக்கு வக்கில்லாமல் இரண்டு பனங்கம்பை நட்டுத் தட்டி கட்டியிருந்தார்கள்.

நிலையே இல்லாத வீட்டுக்கு வயது எங்கே பார்ப்பது? புது வீடு என்றுதான் எழுத வேண்டும். எதிரே ஒரு நிலக்காரரின் ஓட்டு வீடு, தெருவின் பாதி நீளம், பழைய வரி. இந்தக் குடிசைக்கு அதைவிடக் கூட வரி வந்தது. கட்டாவிட்டால் மனை ஏலத்துக்குப் போகும் என்பதையும் நான்தான் சொல்லியாக வேண்டும். சொன்னேன். என் வாயை நானே வெறுத்தேன். அஞ்சலைதான் கேட்டாள்:

"வூட்ட ஆறு இஸ்துகினு பூட்டுது. அதுக்கு எங்களுக்கு இன்னாத்துக்கு வரி ஏத்துறீங்க, ஆத்துக்குப் போடுங்களேன்."

வில்லியனூர் அம்மாள்

பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்து வரியை ஏற்றினால் நியாயம் வந்துவிடும் என்று அப்போது நான் ஆபீசில் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஆள் போதவில்லை என்று வில்லியனூருக்குச் சில நாள் அனுப்பினார்கள்.

அங்கே மாதா கோயில் தெருவில் செசிலியம்மாள் என்று ஒரு விதவை. இரண்டு கட்டு வீடு, சந்தேகமே இல்லாத பழைய நிலை. ஆனால் ஓடு சரிந்து, பின்கட்டில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. மகன்கள் பிரெஞ்சுக்காரன் வேலைக்குக் கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர்கள். போனபின் தபாலும் நின்றுவிட்டது. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மண்பானை, ஒரு சிலுவை. அவ்வளவு பெரிய வீட்டில் அவள் புழங்கியது அந்த ஒரு அறையில்தான். சட்டம் மாறினால் இந்த வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் ஒரு நாளும் கட்ட முடியாத தொகை. குருவிநத்தத்துக் கதையை அவளிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கண் கலங்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பாவம்தாம்பா அவுங்க. ஆனா அவுங்க உள்ள போறதுக்கு நான்தான் வெளிய வரணும்னா, அது இன்னா நியாயம்பா?"

அன்றிலிருந்து ஆபீசில் நான் வாயைத் திறப்பதில்லை.

சமத்துவம்

மனுக்கள் குவிந்ததால் வரியைச் சீர்திருத்தம் செய்ய ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். புதுச்சேரியிலிருந்து கோட்டுப் போட்ட தமிழ் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் தலைக்கு மேலே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் எழுதிய பலகை. புது வீட்டுக்காரர்கள், ஒரே தெருவுக்கு ஒரே வரி வேண்டும் என்றார்கள். பழைய வீட்டுக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகக் கட்டி வருகிறோம், எங்களுக்கு இதுகூடக் கிடையாதா என்றார்கள். அதிகாரி இரண்டு பக்கமும் தலையாட்டினார். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

முடிவு சாயங்காலம் தெரிந்தது. பழைய வரி பழையபடி, புது வரி புதியபடி. ஒரே ஒரு சலுகை: வெள்ளத்தாலோ நெருப்பாலோ வீடு போனவர்கள், அந்த வீட்டின் பழைய நிலையைக் கொண்டுவந்து காட்டினால் பழைய வீடாகச் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் போன நிலையை எப்படிக் கொண்டுவருவது என்று கடைசி வரிசையிலிருந்து கலியன் கேட்டான். அதிகாரி கோபப்படவே இல்லை, சிரித்த முகமாகவே சொன்னார்:

"எல்லாரும் மனு குடுக்கலாம். அதுல பழைய வீடு, புது வீடுன்னு வித்தியாசமே கிடையாது."

ஆற்றோடு போன நிலை

அஞ்சலை அந்தச் சலுகையை மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். வெட்டு வேலை இல்லாத நாளெல்லாம் ஆற்றோரமாகக் கிழக்கே நடந்து, வெள்ளத்தில் என்னென்ன ஒதுங்கியது என்று ஊர் ஊராக விசாரித்திருக்கிறாள். ஒரு நாள் மேரிக்கு வந்து, நிலை கிடைத்துவிட்டது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றாள். அவள் முகத்தில் நான் கண்ட முதல் சந்தோஷம் அதுதான்.

கூட்டிப்போன இடம் ஒரு மிராசுதாரின் புத்தம்புது மாடி வீடு. சுண்ணாம்பு வாசனை வீசும் சுவருக்கு நடுவில் ஒரு கறுத்த பழைய நிலை. மேல்சட்டத்தில் இடதுபக்கம் முழுத் தாமரை; வலதுபக்கம் வெறும் வட்டம். பாதி வேலையில் கலியனின் அப்பாவிடம் கூலிக்கு வழியில்லாமல் ஆசாரி போய்விட்டாராம். அஞ்சலை கையால் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அந்த மாடி வீடு இந்த நிலையின் தயவில் பழைய வீடாகப் பதிவாகியிருந்தது.

மிராசுதார் கெட்டவர் இல்லை. மோர் கொடுக்கச் சொன்னார். ஆற்றில் ஒதுங்கியதைத்தான் எடுத்தேன் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் இதைப் பெயர்த்தால் அவர் வீடு மறுநாளே புது வீடாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அஞ்சலையைப் பார்த்து ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"பழசு எதுக்கும்மா உனக்கு? தேக்குல புதுசா செஞ்சு குடுக்கிறேன், காலத்துக்கும் நிக்கும்."

ஏலம்

நடந்ததை எல்லாம் எழுதி மனுவோடு அனுப்பினேன். ஒரு நிலை ஒரு வீட்டுக்குத்தான் சாட்சி சொல்ல முடியும், அது ஏற்கெனவே வேறொரு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்தது. தவணை தப்பியது. தமுக்கு அடித்து ஏலம் போட்டார்கள். எதிர்வீட்டு நிலக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று மனையை எடுத்தார். பழைய வீட்டோடு சேர்ந்த கொட்டகை என்பதால் அதற்கும் பழைய வரியே விழுந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

அளந்துகொடுக்க நான்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலியன் பனங்கம்புகளைப் பிடுங்கித் தோளில் வைத்தான். அஞ்சலை பாத்திரங்களைப் பழம்புடவையில் மூட்டை கட்டினாள். ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போகிறோம், ஆலைக் கரும்பு வெட்டப் போகிற இடத்தில் கொட்டாயில் படுத்துக்கொள்வோம் என்றான் கலியன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்து அங்கேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அஞ்சலை மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். என்மேல் கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"கட்டுனாத்தான ஐயா வயசு கேப்பீங்க. இனிமே கட்டல."

பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் நடுவே நாங்கள் அத்தனை பாடுபட்டுச் செய்த நியாயத்தில், வீடே இல்லாமல் போனவர்களுக்கு மட்டும் கடைசிவரை ஒரு காசு வரி போடவில்லை.