சட்டைப் பையில் உப்பு

சூப் கிண்ணம் மேசையைத் தொடுவதற்குள் கண்ணாடிக்காரரின் கை சட்டைப் பைக்குள் போய்விடும். உள்ளே ஒரு சின்னக் குப்பி, முன்பு மூக்குக்கண்ணாடித் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தது. இப்போது அதில் உப்பு. ருசி பார்த்துவிட்டுப் போடும் பழக்கமெல்லாம் கிடையாது. மூன்று உதறு. பிறகு சமையற்கட்டுக்குக் கேட்கும்படி, "உப்பு என்ன விலை விக்குதோ, பாவம்!" என்பார்.

இருபத்தாறு வருடங்களாக இதே நடப்பு. பன்னிரண்டே முக்காலுக்குத் தன் கண்ணாடிக் கடைக் கதவில் 'இதோ வருகிறேன்' அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுச் சாலையைக் கடப்பார். எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு வயது எழுபத்தொன்று. மேசைகள் எட்டு. சுவரோரம் இருப்பது அவருடையது. அது ஆடாமலிருக்க ஒரு காலுக்கடியில் மடித்து வைத்திருப்பதும் அவர் கடை அட்டைதான். மூன்று தலைமுறையாக வீட்டு ஆள் தவிர வேறு கை அங்கே அடுப்பைத் தொட்டதில்லை. "எதிர்ல கடை போட்டுத் தொலைச்சிட்டீங்க, எனக்கு வேற வழி?" என்று அலுத்துக்கொள்வார். அதே சாரியில் இன்னும் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருப்பதை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை.

போன மாதம் முதலாளியம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கரண்டி மருமகள் கைக்குப் போனது. "பழைய வாடிக்கைக்காரங்களுக்கு இவ சமையல் பிடிக்கலன்னா வெளியாளைச் சமையலுக்கு வெச்சிடலாம்" என்று மகன் சொன்னது கண்ணாடிக்காரர் காதுக்கும் எட்டியது. சின்னப் பெண், மனசு நோகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். குப்பியை வெளியே எடுக்கவில்லை. சூப்பில் உப்பு அறவே இல்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, முன்பின் தெரியாதவர் வீட்டில் சொல்வதுபோல, "நல்லாருக்கும்மா" என்றார்.

ஒன்பது நாள் நல்லாருந்தது. மருமகளின் முகம்தான் நாளுக்கு நாள் சுருங்கியது. பத்தாம் நாள் முதலாளியம்மா கட்டுப் போட்ட கையோடு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏண்ணே, என்னை இருபத்தாறு வருஷமா வறுத்தெடுத்தீங்களே, என் மருமக மட்டும் என்ன பண்ணா உங்களை?"

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. நல்லாருக்குன்னுதானே..."

"அதான்! 'உங்களை வாய் நிறையத் திட்டறவரு, என்கிட்ட மட்டும் விருந்துக்கு வந்தவரு மாதிரி நல்லாருக்குன்னுட்டுப் போறாரு'ன்னு அழறா. என் பையன் வெளியில ஆள் தேட ஆரம்பிச்சிட்டான்."

கண்ணாடிக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். "உப்பே இல்லம்மா" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

சமையற்கட்டு ஜன்னலில் தெரிந்த மருமகளின் தலை சட்டென்று மறைந்தது.

மறுநாள் அந்த ஜன்னலில் மாமியார், மருமகள் என இரண்டு தலைகள். பின்னால் எட்டிப் பார்த்தபடி மகன். கண்ணாடிக்காரர் குப்பியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். மூன்று உதறு. இத்தனை நாள் விட்டுப்போனதற்காக இன்னும் மூன்று.

"உப்பு என்ன விலை விக்குதோ, பாவம்!"

உள்ளே கரண்டி ஒன்று கீழே விழுந்தது. மருமகள் சிரிப்பது கேட்டது. "காதுல விழுந்துச்சாடா? ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று முதலாளியம்மா மகனைப் பார்த்துச் சொன்னார்.

முதல் வாய் உள்ளே போனதும் கண்ணாடிக்காரரின் விழிகள் ஒரு கணம் நின்றன. மருமகள் அன்று உப்பைச் சரியாகப் போட்டிருந்தாள். அவர் தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் தூரத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அடி தெரியும்வரை குடித்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்து, ஜன்னலைப் பார்த்தபடியே, கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.