பத்து பெரெண்டாமிலிருந்து டவுனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

மலாக்காவில் யாரிடம் வழி கேட்டாலும் "டெக்காட் சாஜா" என்பார்கள். பக்கந்தான் என்று பொருள். அரை மைலும் பக்கந்தான், ஆறு மைலும் பக்கந்தான். நம் ஊரிலோ கூப்பிடு தூரத்தைக் கேட்டால்கூட, யார் வீட்டுக்குப் போகிறாய், என்ன சோலி, எந்த வகையில் உறவு என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். இங்கே விசாரணை கிடையாது. வந்து இத்தனை வருஷமாகியும் இது எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்றுமே கேட்காமல் வழி சொல்கிறவன் மனதில் என்ன வைத்திருக்கிறானோ என்றுதான் முதலில் தோன்றும். என் சுபாவம் அப்படி.

இப்போது பத்து பெரெண்டாமில் விமானம் இறங்குகிறது. ஊரிலிருந்து வர நினைக்கிறவர்கள், விமான நிலையத்திலிருந்து டவுனில் நான் இருக்கும் காஜா பெராங்குக்கு எப்படி வருவது என்று கடிதத்தில் கேட்கிறார்கள். டாக்ஸி கிடைக்கும், பஸ்ஸும் உண்டு, கிளம்பினால் வந்துவிடலாம் என்று பதில் போடுகிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழியில் நான் ஒருமுறை வந்ததைச் சொல்லாமல் இதை மட்டும் எழுதுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அது ஜப்பான்காரன் காலம். அப்போது அங்கே நிலையமும் இல்லை, ஒன்றும் இல்லை. மரங்களைச் சாய்த்து, வேர்களைத் தோண்டி, விமானம் இறங்குவதற்காக மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்த ஒரு செம்மண் பொட்டல். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மண்வெட்டிப் பிடி எந்தப் பக்கம் என்று அறியாதவர். துணி வரத்து நின்று கடை மூடியதும், தெருத் தெருவாக ஆள் எடுத்தபோது அவரையும் அந்தப் பொட்டலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை சும்மா இருக்கிறான் என்று யார் காட்டிக்கொடுத்தது? எதிர்வீட்டுச் சீனக் கிழவரைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சிரித்துப் பேசியவளைச் சந்தேகப்பட்டேன். அவர்களும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்த நாட்களில் அடுப்புப் புகையைப் பார்த்து, இந்த வீட்டில் அரிசி எப்படி வந்தது என்று ஊரே யோசிக்கும். கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று உத்தரவு போட்டு, எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். விடிவதற்கு முன்பே மணி ஏழு அடித்துவிடும்.

ஒருநாள் அங்கே வேலை செய்கிற ஒருவர் வந்து, "உங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்மா, நாலு நாளா கஞ்சிகூட எறங்கல. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதிட்டாங்க. யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போகணும்" என்றார். நடக்க முடியாதவர்கள் அங்கேயே கிடந்தால் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகப் பேச்சு இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

இரண்டு தெரு தள்ளி, சிட்டிகள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து, அதாவது அவர்கள் குடியிருப்பிலிருந்து, அருணாசலம் என்றொருவர் தினமும் மாட்டுவண்டியில் அந்தப் பொட்டலுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போவார். வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றேன். சிட்டிகளைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் சாமிதான், நம் பெயர்தான், நெற்றி நிறைய திருநீறு. வாயைத் திறந்தால் மலாய்தான். பல தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கைலியும் கெபாயா என்கிற மலாய்ச் சட்டையும் போட்டுக்கொண்டு மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதைப் பார்த்த அன்றே எனக்கு மனசு ஒப்பவில்லை. தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ் பேசாதவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? போதாக்குறைக்கு அருணாசலம் கூலி வேண்டாம் என்றார். அந்தக் காலத்தில் சும்மா உதவி செய்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது?

வண்டியில் கிழங்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போனேன். காவல் சாவடிகளில் அவர் இறங்கி இடுப்பு வளையக் கும்பிடு போட்டார், நானும் இறங்கிப் போட்டேன். காவல்காரன் ஒருவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். தினமும் பார்க்கிற முகம், சிரித்திருப்பான். நானோ, இவர்களுக்குள் என்ன பழக்கம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

வானம் மூடிக் கிடந்தது. தூறல் விடவில்லை. கொட்டகையில் என் வீட்டுக்காரர் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், "நீ எதுக்குத்தா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றார். கை கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. சீட்டைக் காட்டி, குனிந்து கும்பிட்டு, அவரைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காவல் அறைக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. வண்டி காலியாக நின்றது. அருணாசலம் ஏறச் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்துப் புல்லைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நந்தி டூலு, டிக்" என்றார். கொஞ்சம் பொறு தங்கச்சி என்று அர்த்தம். இரண்டு பக்கமும் காவல்காரர்கள் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்து, "ராகு பாரு மாசோக்" என்றார். ராகு இப்போதுதான் நுழைந்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இப்போதுதான் காதில் விழ மணி அடித்தது. "ராகு போயாச்சு" என்று மலாயிலும் தமிழிலும் கலந்து சொல்லிக் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "இத்து புக்கான் ஜாம் கீத்தா" என்றார் மெதுவாக. அது நம் மணி இல்லையாம். கடிகாரம் அடிக்கிறது, இவர் இல்லை என்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். திருநீறு பூசத் தெரிந்த ஆளுக்கு ராகு காலம் தெரியவில்லை. அப்படியானால் வேஷம். எங்களை இங்கே நிறுத்தி வைத்து யாரிடமோ ஒப்படைக்கப் பார்க்கிறான். கூலி வேண்டாம் என்றது இதற்குத்தான்.

"வாங்க, நடந்தே போயிருவோம்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வண்டியிலயே போகலாமேத்தா. நல்ல மனுசனாத் தெரியிறாரே" என்றார்.

"உங்களுக்கு எல்லாரும் நல்ல மனுசந்தான்" என்று அதட்டிவிட்டேன். அவரிடம் நான் கடிந்து பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அருணாசலம் பின்னாலேயே பத்தடி ஓடி வந்து, "ஜாங்கான், டிக், ஜாங்கான்" என்றார். போகாதே என்று. காவல்காரன் திரும்பிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சாலை பிரியும் இடம் ஒரு மைல் இருக்கும். பத்தடிக்கு ஒருமுறை உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். அங்கே ஒரு லாரி நின்றது. லாரிக்குள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். முன்னால் நின்றவர் வெள்ளை வேட்டி, சட்டை. என்னைப் பார்த்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னத்தா, மேலுக்குச் சொகமில்லையா? எந்தூரு நமக்கு?"

"பரமக்குடிப் பக்கம்."

"அட, நானும் அங்கிட்டுத்தேன்! டவுனு ஆசுபத்திரிக்குத்தான போறீக? லாரி அங்கிட்டுத்தான் போகுது. இவுகள ஏத்தி விடு. பொம்பளையாளுக்கு எடமில்ல, நீ பின்னால வந்து சேரு."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்கிறேன்! அந்த ஒரு நிமிஷம் என் சந்தேகம் எங்கே ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவள், நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் கண் கலங்கிப்போய் நின்றேன். நானே என் வீட்டுக்காரரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். மேலே இருந்தவர்கள் கையைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சீட்டை அந்த மனிதர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லாரி கிளம்பியது. டவுன் பக்கம் திரும்பவில்லை. குருபோங் போகிற வடக்குச் சாலையில் திரும்பி, வேகம் எடுத்தது. கத்திக்கொண்டே ஓடினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது.

திரும்பி வந்து சாலையோரத்தில் உட்கார்ந்தபோது மேகம் விலகி வெயில் அடித்தது. மைல்கல்லின் நிழல் மேற்கே சாய்ந்து கிடந்தது. உச்சி வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு அடித்தது தோக்கியோ மணி. நம் மணிக்கு அது பத்தரை. அருணாசலம் சொன்னது சரி. ராகு காலம் அப்போதுதான் நுழைந்திருந்தது. நாடு விட்டு நாடு வந்து நாளும் கிழமையும் விடாமல் பார்த்த நான், ஜப்பான்காரன் கடிகாரத்தை நம்பி, நம் கணக்கைச் சரியாகச் சொன்ன மனிதரை வேஷக்காரர் என்றேன்.

உச்சி தாண்டி வண்டி வந்தது. அருணாசலம் என்னைப் பார்த்தார், பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், மனைவி மீனாச்சியிடம் விட்டார். அந்த அக்கா எனக்குக் கிழங்கும் கருவாடும் வைத்துக் கொடுத்தார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்போதும் நான் அவர் பார்க்காத நேரம் என் தட்டை அவர் பக்கம் தள்ளி, அவர் தட்டை மாற்றி வைத்துக்கொண்டேன்.

அவர்கள் பேச்சு எனக்குப் பிடிபட்டதும் ஒருநாள் அருணாசலத்திடம் நேராகவே கேட்டேன். அண்ணன், அன்றைக்கு நீங்கள் நின்றது ராகுவுக்காகவா, லாரிக்காகவா? லாரிக்காகத்தான் என்றார். ஆள் பிடிக்கிற அந்த லாரி காலையில் வந்து நின்று உச்சி வேளையில் சாப்பாட்டுக்குப் போய்விடுமாம். அது போகட்டும் என்றுதான் அவர் தினமும் அந்த நேரம் மாட்டை அவிழ்த்துப் போடுவாராம். "காவல்காரன் முன்னால லாரின்னு எப்படிச் சொல்றது? ராகுன்னா அவனுக்குப் புரியாது, உனக்குப் புரியும்னு நெனச்சேன். நீ இந்தியாவிலேருந்து வந்தவளாச்சே" என்றார் தன் மலாயில். சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று விசாரித்தேன். ஒருவர் பார்த்தேன் என்றார், எங்கே என்று கேட்டால் நினைவில்லை என்றார். இன்னொருவர், அங்கே யார் யாரைப் பார்த்தது என்று அழுதார். ஊரிலிருந்து கொழுந்தன் எழுதினான்: தகவல் இல்லாததால் நாங்களே எல்லாக் காரியமும் முடித்துவிட்டோம், நீங்கள் புறப்பட்டு வாருங்கள் அண்ணி என்று. என்னைக் கேட்காமல் முடித்திருக்கிறார்கள். அந்த ஊரில் நான் தாலி இழந்தவள். இந்தத் தெருவில் நான் கழுத்து நிறைய மஞ்சள் கயிறோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கப்பல் ஏறினால் எந்தத் துறைமுகத்தில் கயிற்றைக் கழற்றுவது? நான் போகவில்லை.

போகிப் பண்டிகையன்று சிட்டி வீடுகளில் பார்ச்சு என்று, இறந்தவர்களுக்கு வாழை இலை போட்டுப் படைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மீனாச்சி அக்கா, "உன் வீட்டுக்காரருக்கும் ஒரு இலை போடட்டுமா, டிக்?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். அவர் வந்துவிடுவார் என்று சொல்ல மாட்டேன், வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். போன போகிக்கு என்னை அறியாமல் "சரி" என்றேன். சோறு, மீன், பலகாரம், அவருக்குப் பிடித்த வாழைப்பழம் எல்லாம் வைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார் அக்கா. நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட விரலால் தொட்டுத்தான் காட்டினேன். "வேலாயுதம், வாங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், உள்ளே இலை அசைகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்றும், ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டுமே என்றும்.