பிளாஸ்டிக் வளராது

உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கிறார் அப்துல் வஹீத். பள்ளிச் சீருடை மட்டும்தான் தைப்பார். எந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தாலும் ஒரு அங்குலம் கூட்டித்தான் நோட்டில் எழுதுவார். கேட்டால், "புள்ளைங்க வளரும்ல?" என்பார். பிளஸ் டூ முடித்து நான் வெளியே வந்த நாளிலும் என் சீருடை எனக்குப் பெரிதாகவே இருந்தது.

அவர் மனைவி ஜைதூன் சார்ஜாவில் நர்ஸ். இரண்டு வருடங்களுக்கு முன் மகள் சிம்ராவையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியின் எடை அதிகமானதால், பிளாஸ்டிக் பிளாக்ஸை மாட்டிக் கட்டுகிற சிம்ராவின் பொம்மை ரோலர் கோஸ்டரில் பாதி இங்கேயே தங்கிவிட்டது. இந்த ஜூன் விடுமுறைக்கு அவள் தன் பாதியோடு வந்து, அத்தாவின் வெட்டு மேசையில் இரண்டையும் சேர்ப்பதாக ஏற்பாடு. அன்றிலிருந்து வஹீத் நாள்காட்டியைப் பார்க்காமல் கடையை மூடியதில்லை.

ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகிற, ஒரே உயரமுள்ள இரண்டு சரிவுத் துண்டுகளும் இங்கே இருந்தன. அவை முடியும் உயரத்தில்தான் சிம்ராவின் தண்டவாளம் தொடங்க வேண்டும். ஒரு துண்டின் உயரத்தை அவள் போனில் கேட்டாள். வஹீத் இஞ்ச் டேப்பை வைத்து அளந்தார். இரண்டேகால் அங்குலம். கை தன் பழக்கத்தில் மூன்றேகால் என்று எழுதியது. அதையே அனுப்பினார்.

மே மாதம் ஒரு மதியம், வீடியோ காலில் இருவரும் தங்கள் பாதிகளைக் காட்டி, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தினார்கள். சிம்ராவுடையது இரண்டு அங்குலம் மேலே நின்றது.

"அத்தா, மறுபடி அள."

அளந்தார். நோட்டைப் பார்த்தார். "ஐயோ, ஒண்ணு கூட்டிட்டேன்மா. ரெண்டு துண்டுலயும்."

"எதுக்கு?"

"வளரும்னு..."

"பிளாஸ்டிக் வளருமா அத்தா?" அவள் சிரித்த சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

"சரி, நீ எந்திரிச்சு நில்லு. பெருநாளுக்கு அனுப்புன கவுன் எப்படிக் கீதுன்னு பார்க்கலாம்."

எழுந்து நின்றாள். கணுக்காலைத் தொட வேண்டிய கவுன் அதற்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அளவில் அவளுக்கும் ஒரு அங்குலம்தான் கூட்டித் தைத்திருந்தார். வஹீத் நோட்டை எடுத்து, சிம்ரா என்று பெயர் எழுதினார்.

"அம்மாவ அளவெடுத்துச் சொல்லச் சொல்லு. புதுசு தச்சு அனுப்புறேன்."

"வேணாம். ஜூன்ல வர்றேன்ல? நீயே எடு."

மறுநாளே உஸ்மான் சாலைக்குப் போய் அவளுக்குப் பச்சைத் துணி வாங்கி வந்தார்.

ஜூன் வந்தது. ஜைதூனுக்கு லீவு கிடைக்கவில்லை. டிசம்பரில் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்; சிம்ராவும் வரவில்லை.

பள்ளி திறக்கிற நேரம், கடையில் கூட்டம் நெரிந்தது. வெட்டு மேசையில் கால்வாசியைத் தண்டவாளம் அடைத்துக்கொண்டிருந்தது. வஹீத் அதைச் சுற்றியே துணி வெட்டினார்.

மகனுக்குச் சீருடைச் சட்டை தைக்க வந்த கயல் அக்கா கேட்டாள்: "இன்னா பாய், கடையில ரயில் வுட்டுக்கினு கீறியா? எப்பக் கிளம்பும்?"

"மீதித் தண்டவாளம் சார்ஜால கீதும்மா."

"அதுவரைக்கும் இத எடுத்து வெக்கலாம்ல? மேசையே பத்தலயே."

"எடுத்தா உயரம் மாறிடும்" என்றார்.

மாறாது. பிளாக்ஸைக் கழற்றி எத்தனை முறை மாட்டினாலும் அதே உயரம்தான். அவருக்கும் அது தெரியும்.

பச்சைத் துணி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கம் முழுக்கப் பிள்ளைகளின் பெயர்களும் அளவுகளும். சிம்ரா என்ற பெயருக்கு நேராக மட்டும் அவர் இன்னும் எதுவும் எழுதவில்லை.